கையோடு கொண்டுபோக வேண்டிய சப்பாத்து

வத்தேகமவில் மழை பெய்யும், மூடுபனி இறங்கும், மார்கழி விடியலில் பல் கிட்டிக்கொள்ளும். ஆனால் வானத்திலிருந்து பனிக்கட்டி கொட்டியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படிப்பட்ட ஊரில் என் கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி பனிச்சறுக்குச் சப்பாத்து கிடந்தது என்றால் ஊர் சும்மா இருக்குமா? வந்தவர் போனவர் எல்லாரும் குனிந்து அதை இழுத்துப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் உயர்ந்த, கல்லுப் போலக் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு. முன்பக்கம் வரிசையாக இரும்புக் கொக்கிகள். உள்ளே மெத்தை மாதிரி ஓர் உள்ளுறை, அதைத் தனியாகக் கழற்றலாம். ஒன்றைத் தூக்கினாலே தோள் இழுக்கும்.

"இது கால்ல போடுறதா மகள், கால் ஒடஞ்சா போடுறதா?" என்று கேட்டார் எதிர்க்கடை நானா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆணி, கம்பி, பெயிண்ட் விற்கிறவர். நான் சின்ன வயதிலிருந்தே அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"நெலாவுல எறங்கப் போறேன் நானா" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் வந்த ஆளும் அதையே கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லும் பொறுமை எனக்குக் கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல கோபம் என்று அம்மா சொல்வாள். யாரிடமிருந்து வந்தது என்று நானும் திருப்பிக் கேட்பேன்.

கண்டியில் ஒரு ஹோட்டலில் அறை துடைத்துக்கொண்டிருந்தவள் நான். ஐரோப்பாவில் ஒரு பனிமலை ஊருக்குக் குளிர்கால வேலைக்குப் போனதும் அறை துடைக்கத்தான். லீவு நாட்களில் கூட வேலை செய்த பிள்ளைகளோடு போய், பனியில் விழுந்து எழுந்து, சறுக்கப் பழகினேன். சீக்கிரமாகவே வந்துவிட்டது. சரிவில் நிற்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பன்வில மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவளுக்குத் தட்டையான நிலம்தான் புதுசு. இரண்டு குளிர்காலம் போன பிறகு, அங்கே குழந்தைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் உதவியாளராக வருகிறாயா என்று கேட்டார்கள். ஒரு சோதனை வைப்பார்கள், மலையில் சறுக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் சரி என்றதும் அங்கே ஹோட்டலில் என் இடத்துக்கு வேறொருத்தியைப் போட்டுவிட்டார்கள். ஆகவே சோதனையில் தோற்றால் பழைய வேலையும் இல்லை, புது வேலையும் இல்லை. அடுத்த விமானத்தில் வத்தேகமதான்.

இந்தச் சப்பாத்து ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், என் இடது கால் அப்படி. லயத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் கானுக்குள், அந்த வாய்க்காலுக்குள், சின்னதில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். எலும்பு கோணலாகச் சேர்ந்து, வெளிப்பக்கம் பாக்கு அளவுக்குத் துருத்திக்கொண்டு நிற்கிறது. சாதாரணச் செருப்பில் ஒன்றும் தெரியாது. வாடகைக்குத் தரும் பனிச்சப்பாத்தைப் போட்டால் மட்டும் கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விடும், கண்ணீர் தானாக வழியும். அங்கே சப்பாத்துக் கடை வைத்திருந்தவர் பழைய ஜோடி ஒன்றைத் தந்து, அதன் ஓட்டைச் சூடாக்கி, அந்த எலும்பு இருக்கிற இடத்தில் வெளியே தள்ளி ஒரு குழி செய்துகொடுத்தார். உள்ளுறையையும் சூடாக்கி என் காலை உள்ளே வைத்து நிற்கச் சொல்லி, என் கால் அச்சிலேயே இறுக வைத்தார். உலகத்திலேயே என் இடது காலுக்குச் சரிவந்த பனிச்சப்பாத்து அந்த ஒன்றுதான்.

ஊருக்குப் புறப்பட்டபோது அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சறுக்குப் பலகை வாடகைக்குக் கிடைக்கும். கோட்டு, கண்ணாடி, கையுறை எல்லாம் யாரிடமாவது இரவல் வாங்கலாம். சப்பாத்தை மட்டும் பெரிய பெட்டியில் போட்டு விமானக்காரர்களிடம் ஒப்படைக்காதே, பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் உன் கதை முடிந்தது, கையோடு கொண்டு போ, கையோடு கொண்டு வா. பனிமலைக்குப் போகிற ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். விமான நிலையத்தில் சப்பாத்தைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார்கள்.

அந்த வருஷம் விசா பிந்தி வந்தது. கிடைத்த டிக்கெட்டில் போனால், போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே சோதனை. பெட்டி தொலைந்து, தேடி, கிடைத்து, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சப்பாத்து என் கையில் இருந்தால் வேலை இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. இதை நான் அம்மாவிடமும் சொன்னேன், என்னை வழியனுப்ப பன்விலயிலிருந்து வந்து தங்கியிருந்த சித்தியிடமும் சொன்னேன், அடிக்காத குறையாகச் சொன்னேன்.

அடுக்குவதே பெரும்பாடு. ஐப்பசியில் பிடித்த மழை விடவேயில்லை. அலுமாரிக்குள் இருந்த தோல்பையில் பூஞ்சணம், சப்பாத்தின் உள்ளுறையிலும் சாம்பல் பூத்திருந்தது. உள்ளுறைகளைக் கழற்றி, துடைத்து, அறைக்குள் கொடி கட்டி மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டேன். ஓட்டுக்குள் பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்தேன். நான் கடைக்குப் போய்வந்த நேரத்தில் அம்மா உள்ளுறை இரண்டையும் அடுப்புக்கு மேலே பலகையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாம் அங்கேதான் காயும், விறகு, மிளகாய், என் பள்ளிக்கூடச் சப்பாத்து எல்லாம்.

"அம்மா! சூடு பட்டா அது என் கால மறந்துரும்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"ஆமா, ஒங் கால நான்தான் மறந்துட்டேன்" என்று முணுமுணுத்தாள். நல்லவேளை, அடுப்பு அணைந்திருந்தது.

காய்ந்ததும் உள்ளுறைகளை ஓட்டுக்குள் போட்டு, ஓடு நெளியாமல் இருக்கக் கொக்கிகளை லேசாக மாட்டினேன். உள்ளே காலியாக விடுவானேன்? காலுறை, கையுறை, உள்ளாடை எல்லாவற்றையும் சுருட்டிச் சப்பாத்துக்குள் அடைத்தேன். கொக்கி பையைக் கிழிக்காமல் இருக்கப் பழைய சேலைத் துண்டைச் சுற்றினேன். ஒன்றின் குதியும் மற்றதன் நுனியும் பக்கத்தில் வருகிற மாதிரி மாற்றி வைத்தால்தான் முதுகுப்பை மூடும். மூடியது. அதற்குமேல் அதற்குள் ஒரு சீப்பு வைக்கக்கூட இடமில்லை.

சித்திக்கு அதுதான் பொறுக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போகிற ஆளிடம் பார்சல் கொடுக்காமல் விட்டால் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராது. வாங்க மாட்டேன் என்று சொன்னால் குடும்பச் சண்டை. சித்தியின் நாத்தனார் மகன் அந்த நாட்டில் இருக்கிறான். அவன் இருக்கும் ஊர் என் மலையிலிருந்து ஒரு நாள் ரயில் ஓட்டம்.

"ஒரே நாடுதானே?" என்றாள் சித்தி. முறுக்கு, கறித்தூள், மாசிக் கருவாடு, ஒரு டின் பலகாரம் என்று கொண்டுவந்து இறக்கிவிட்டாள். சூட்கேசில் பாதிக்குமேல் ஏற்ற முடியவில்லை. மிச்சத்தைப் பார்த்தாள், என் முதுகுப்பையைப் பார்த்தாள்.

"அந்தச் சனியன வெளிய எடுத்தா எவ்வளவு வைக்கலாம்!"

"சித்தி, அதுல கை வச்சீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"அடேங்கப்பா, சப்பாத்துக்கு இம்புட்டு ரோசமா" என்று சிரித்தாள். சித்தியோடு கோபிக்க முடியாது, அவள் எல்லாவற்றுக்கும் சிரிப்பாள்.

புறப்படுகிற அன்று மத்தியானம் நான் குளிக்கப் போயிருந்தபோது, பைகளை எல்லாம் சாமிப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். சூடம் காட்டி, பைகளுக்கும் திருநீறு பூசித்தான் அனுப்புவார்கள். சித்திக்குத் திடீரென்று உறைத்திருக்கிறது, இந்தப் பைக்குள் இருப்பது காலில் போடுகிறது அல்லவா? சப்பாத்தை சாமி முன்னால் வைத்து அதற்குத் திருநீறா பூசுவது? சப்பாத்தை வெளியே எடுத்திருக்கிறாள். முன்வாசலில் கோலம் போட்டிருந்தது, அதனால் பின்வாசல் படியில், எல்லாருடைய செருப்பும் கிடக்கிற இடத்தில் வைத்துவிட்டாள். வெறும் பையை சாமி முன்னால் வைப்பதும் நல்லதில்லை என்று முறுக்கையும் கறித்தூளையும் டின்னையும் அதற்குள் வைத்து மூடியிருக்கிறாள். கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. கும்பிட்டு முடிந்ததும் மாற்றி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. வந்தேன், கும்பிட்டேன், அம்மா நெற்றியில் திருநீறு பூசினாள். அதற்குள் வேன் வந்து ஹோர்ன் அடித்தது. நல்ல நேரம் போகுது என்று சித்தி நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள், நான் படி இறங்கும்போது எதிரே வர வேண்டும் என்று. அப்பா இறந்துபோன பிறகு அம்மா எந்தப் பயணத்துக்கும் முன்னால் வருவதில்லை. நான் எவ்வளவு சண்டை போட்டாலும் கேட்க மாட்டாள். எல்லாரும் வெளியேறிய பிறகு பின்கதவு, முன்கதவு எல்லாம் பூட்டிவிட்டுக் கடைசியாக வந்து வேனில் ஏறினாள். பை கனமாகத்தான் இருந்தது. எனக்குச் சந்தேகம் வர நியாயமில்லை. அம்மா என்னோடு விமான நிலையம் வரை வந்தாள், சித்தி பஸ்ஸில் பன்விலக்குத் திரும்பினாள்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மழை தொடங்கியது. பேராதனை தாண்டி, கடுகண்ணாவ ஏற்றத்தில், பை காலை இடிக்கிறதே என்று மடியில் தூக்கி வைத்தேன். உள்ளே டின் சத்தம் கேட்டது. சப்பாத்து எப்படி டின் சத்தம் போடும்? ஸிப்பைத் திறந்தேன். கறித்தூள் வாசம் முகத்தில் அடித்தது.

முறுக்குப் பையை எடுத்து சீட்டில் வைத்தேன், டின்னை எடுத்து வைத்தேன், அடியில் தடவிப் பார்த்தேன், ஏதோ சப்பாத்து அடியில் ஒளிந்திருக்கும் என்கிற மாதிரி. "நிப்பாட்டுங்க! அண்ணே, நிப்பாட்டுங்க!" என்று அலறினேன். புசல்லாவைக்காரர் அந்த டிரைவர், அமைதியான மனிதர். பயந்துபோய் ஒரு மரக்கறிக் கடை ஓரமாக வேனை நிறுத்தினார்.

சித்திக்குப் போன் எடுத்தேன். "ஐயய்யோ! பின்வாசல் படியில வச்சேன் புள்ள! எடுத்து வைக்கச் சொல்லி அக்காகிட்ட சொல்லிட்டுத்தானே கொடத்தோட ஓடுனேன்!" என்று பஸ்ஸுக்குள்ளேயே அழத் தொடங்கிவிட்டாள்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மறந்துட்டேன்" என்றாள். வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேனத் திருப்புங்கண்ணே."

டிரைவர் மணியைப் பார்த்தார். "தங்கச்சி, இது பள்ளிக்கூடம் விடுற நேரம். கண்டிக்குள்ள மாட்டிக்கிட்டோம்னா அவ்வளவுதான். வத்தேகம போய்த் திரும்பி வர்றதுக்குள்ள ஒங்க பிளேன் போயிரும்."

"திரும்பக்கூடாது" என்றாள் அம்மா. "நல்ல நேரத்துல படி எறங்கியாச்சு. வந்த வழியே திரும்புனா ஆகாது. இருக்குறதோட போ."

"இருக்குறதோட போயி? முறுக்கக் கால்ல கட்டிக்கிட்டா சறுக்குறது?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனால் கால் இல்லாமல் போகிற மாதிரி, திரும்பினால் விமானம் இல்லை. இரண்டு வருஷம் பனியில் குப்புற விழுந்து எழுந்ததெல்லாம் ஒரு முறுக்குப் பையில் முடிந்துவிட்டதே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

டிரைவர்தான் சொன்னார். "யாராச்சும் எடுத்துக் கண்டி ஸ்டாண்டுக்குக் கொண்டு போனா, நீர்கொழும்பு பஸ்ஸுல போட்டு விடலாமே. நாம இங்கயே நின்டு வாங்கிக்கலாம்."

அது எனக்குத் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். எங்கள் பக்கத்தில் எது பஸ்ஸில் போகவில்லை? கல்யாணச் சேலை போகும், இரத்தப் பரிசோதனை முடிவு போகும், பலாப்பழம் போகும். கண்டக்டர் கையில் கொடுத்து, எங்கே இறக்க வேண்டும் என்று சொல்லி, பஸ் நம்பரைப் போனில் சொன்னால் தீர்ந்தது. எதிர்க்கடை நானாவுக்குப் போன் எடுத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ரோட்டைக் கடப்பது கேட்டது. பிறகு மழைச் சத்தம்.

"யா அல்லாஹ்! ஈக்கி மகள், ரெண்டும் ஈக்கி. கூரத் தண்ணி முழுக்க இதுக்குள்ளதான் விழுந்தீக்கி. வாளி மாதிரி நெறஞ்சி ஈக்கி." இருக்கு என்பது நானா வாயில் ஈக்கிதான்.

"கவுத்துக் கொட்டுங்க நானா. கொட்டிட்டுக் கொண்டு போங்க. ஒங்களக் கும்பிடுறேன்."

"கும்புடாதீங்க, நான் கடைய மூடிட்டுப் போறேன். ஒண்ணும் யோசிக்காதீங்க."

அந்த மழையில் மோட்டார் சைக்கிளில், சாக்குக்குள் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கண்டிக்குப் போனார் அந்த மனிதர். நான் கடுகண்ணாவயில் ரோட்டோரம் நின்றேன். குடை பிடிக்கவில்லை. பஸ் பஸ்ஸாக வந்தது, எதுவும் அது இல்லை. வேன் கடந்து போனாலே யாரோ விமானத்துக்குப் போகிறார்கள் என்று வயிறு எரிந்தது. சாமியைத் திட்டினேன், சித்தியைத் திட்டினேன், முறுக்கு கேட்காத அந்த நாத்தனார் மகனையும் திட்டினேன். அம்மா வேனை விட்டு இறங்கவேயில்லை. கடைசியில் நானாவிடமிருந்து அழைப்பு வந்தது. பஸ் நம்பர், சிவப்பு நிறம், கண்டக்டர் கையில் கொடுத்தாயிற்று, கடுகண்ணாவ என்று சொல்லியாயிற்று.

சிவப்பு பஸ் வந்தது. நம்பரைப் பார்த்துவிட்டு நடுரோட்டில் இறங்கிக் கை காட்டினேன். ஹோர்ன் அடித்து, என்னைச் சுற்றி வளைந்து, என் மேலே தண்ணீரை வாரி இறைத்துவிட்டு அது பாட்டுக்குக் கணவாயில் இறங்கிவிட்டது.

"ஏறுங்க!" என்று டிரைவர் கத்தினார். அந்த அமைதியான மனிதர் அன்று ஓட்டிய ஓட்டம் வேறு. கடுகண்ணாவ வளைவுகளில் பஸ்ஸின் பின்பக்கம் தெரிவதும் மறைவதுமாக, அவர் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டு, ஹோர்னிலிருந்து கையை எடுக்காமல் விரட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "நவத்தன்ன! நவத்தன்ன!" என்று நிறுத்தச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினேன். அம்மா பின்னால் என் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாவனல்லை ஸ்டாண்டில் ஆள் இறக்க நின்றபோதுதான் பிடித்தோம். கண்டக்டர் நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"மேக்க மொகக்த நங்கி?" என்றார். இது என்ன தங்கச்சி என்று. அழுதுகொண்டே பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

சாக்கைப் பிரித்தால் எல்லாம் ஊறிப்போயிருந்தது, உள்ளே திணித்த காலுறை, கையுறை உட்பட. ஈரச் சப்பாத்தில் காலை விட்டுப் பனிமலையில் நின்றால் விரல் விறைத்துவிடும். உள்ளுறைகளைக் கழற்றிப் பிழியக்கூட முடியாது, அமுக்கித்தான் எடுக்க வேண்டும். அம்மா என் கையிலிருந்து வாங்கினாள். முந்தானையை உள்ளே விட்டு அமுக்கி அமுக்கி ஒற்றினாள், முந்தானையைப் பிழிந்தாள், மறுபடி ஒற்றினாள். கேகாலை தாண்டியதும் மழை விட்டிருந்தது. ஜன்னலைத் திறந்து, இரண்டு உள்ளுறைகளையும் இரண்டு கையில் பிடித்து, காற்றில் வெளியே நீட்டிக்கொண்டாள். தேயிலைக் கொழுந்து எடுத்த கை, சீக்கிரம் சோராது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அப்படி நீட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கதவப் பூட்டும்போது பாத்தேன்."

"என்னத்தம்மா?"

"இதத்தான். சித்தி சொன்னது மறக்கல. படியில ரெண்டும் நின்டுச்சு. பாத்துட்டுத்தான் பூட்டுனேன்."

டிரைவர் ரேடியோவைக் குறைத்தார்.

"ஏம்மா?"

"இது இல்லாட்டி ஒன்ன எடுக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்ன."

நான் கத்துவேன் என்றுதான் அவளும் நினைத்திருப்பாள், நானும் நினைத்தேன். மூக்கு விடைத்தது, வாய் திறந்தது. "நான் திரும்பி வந்தா சோத்துக்கு என்னம்மா பண்றது?" என்று மட்டும் கேட்டேன், அதுவும் குழந்தை மாதிரி.

"சோத்துக்கு நான் பாத்துக்குவேன். ஒங்கப்பா போனதுலருந்து அந்த வீட்டுல நான் யாரோட பேசுறது? பொழுது போனா ரேடியோவப் போட்டுக்கிட்டு சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீ ஓடியாடுறது நின்டா நல்லாருக்கும்னு நெனச்சேன். நெனச்சேன், அவ்வளவுதான். பொறகு நீ மழையில நின்டு கத்துனத பாத்துக்கிட்டு இருக்க முடியல." கையை மாற்றிக்கொண்டாள். "நானே அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல."

எனக்கு அவள் மேல் கோபம் இருந்தது. அவளைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவள் கையிலிருந்து ஓர் உள்ளுறையை வாங்கி, என் பக்கத்து ஜன்னலைத் திறந்து நானும் நீட்டிக்கொண்டேன். கட்டுநாயக்க வரை இரண்டு பேரும் அப்படியே வந்தோம்.

விமான நிலையத்தில் வாசலோடு அம்மாவை நிறுத்திவிட்டார்கள். முறுக்கு, டின், கறித்தூள் எல்லாவற்றையும் வேனிலேயே விட்டுவிட்டுச் சப்பாத்தைப் பைக்குள் வைத்திருந்தேன். பையை நிறுத்துப் பார்த்த பெண், கையில் கொண்டுபோக அதிகக் கனம், பெட்டியோடு போடுங்கள் என்றாள். கெஞ்சினேன், கேட்கவில்லை. கவுண்டர் மூடப்போகிறோம் என்றாள். அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, ஈரம் காயாத அந்தச் சப்பாத்துக்குள் காலை விட்டுக் கொக்கிகளை மாட்டினேன். போட்டிருக்கிறதை யாரும் நிறுக்க முடியாது அல்லவா. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் அம்மா தெரிந்தாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அந்தச் சப்பாத்தில் கணுக்காலை மடக்கி நடக்க முடியாது. தொப் தொப்பென்று வாத்து மாதிரி நடந்து உள்ளே போனேன்.

மறுநாள் மாலை போய் இறங்கி, விடுதி அறையில் உள்ளுறைகளை ஹீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துக் காய வைத்தேன். காலையில் நுனி இன்னும் ஈரம். ஆனாலும் இடது கால் உள்ளே போய், எலும்பு அதன் குழியில் உட்கார்ந்தது. மேலேயிருந்து இறங்கச் சொன்னார்கள், இறங்கினேன். பின்பக்கமாகப் போகச் சொன்னார்கள், போனேன். ஒரு குழந்தையைக் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள், அதையும் செய்தேன். விழவில்லை. அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு சிவப்புக் கோட்டு ஒன்றைத் தந்தார்கள்.

வெளியே வந்து பனியில் நின்றே அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"கால் நோகுதா?" என்றாள் முதலில்.

"இல்லம்மா."

"விழுந்தியா?"

"விழல. வேல கெடச்சிருச்சும்மா."

அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. போன் அறுந்துவிட்டதோ என்று நான் இரண்டு தடவை அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன்.

"அப்ப பொங்கலுக்கும் இல்ல, சித்திரைக்கும் இல்ல" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.